377ஆம் பிரிவும் நோயுற்றோர் நலமும்

திருப்பூரின் பனியன் தொழிலை நம்பித் தென்மாவட்டங்களிலிருந்தும் ஒடிசா, பீகார் போன்ற மாநிலங்களிலிருந்தும் வந்து, ஓர் அறையில் பலராகத் தங்கி உழைக்கும் இளைஞர் மிகப் பலர். அவர்களுள் தன்பாலீர்ப்புடையோரும் உளர். அத்தகைய ஒருவனுக்குப் பால்வினை நோய் கண்டால், அவன் மருத்துவரிடம் என்ன சொல்வான்? இவ்வினாவுக்கு விடை காண, ஒரு சட்டத்தின் வரலாற்றை நாம் அறிதல் வேண்டும்.

ஆங்கில ஆட்சியார் 1860இல் இயற்றிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு, 'இயற்கை முறைக்கு மாறான' உடலுறவுக்கு ஆயுள் தண்டனை வரை விதித்தது. அதன்கீழ்த் தண்டனை பெற்றோர் சிலரே. அதற்கு அஞ்சி வாழ்ந்தோரோ பலர். 1994இல் திகார் சிறையில் ஆணுறை வழங்கும் யோசனை எழுந்தபோது, இச்சட்டத்தைக் காட்டி அதிகாரிகள் மறுத்தனர். 2001 ஜூலையில் லக்னோவில் எச்.ஐ.வி. தடுப்புப் பணியாளர் நால்வர் கைதாகி, 47 நாள்கள் சிறையிலிருந்தனர். நோயைத் தடுக்கச் சென்றவனுக்கே சிறை என்றால், நோயுற்றவன் எவ்வாறு வாய் திறப்பான்?

அதே ஆண்டில் நாஸ் அறக்கட்டளை தில்லி உயர்நீதிமன்றத்தை நாடியது. 2006இல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு அளித்த பிரமாணப் பத்திரம், ஆணோடு உறவுகொள்ளும் ஆண்களிடையே எச்.ஐ.வி. ஏறத்தாழ 8 விழுக்காடு என்றும், பொதுமக்களிடையே 1 விழுக்காட்டிற்கும் குறைவு என்றும், இப்பிரிவு நோயை மறைவிடங்களுக்குத் தள்ளுகிறது என்றும் கூறிற்று. அதே வழக்கில் உள்துறை அமைச்சகம் சட்டத்தை ஆதரித்து நின்றது! ஓர் அரசுக்கு இரு நாவுகள் போலும்.

2009இல் தளர்ந்த பிரிவு 2013இல் மீண்டும் உயிர்பெற்று, 2018 செப்டம்பர் 6 அன்று உச்சநீதிமன்றத் தீர்ப்பால், வயதுவந்தோர் மனமொத்த உறவைப் பொறுத்தவரை வீழ்ந்தது.

ஆயினும் மருத்துவ அறையில் பழைய மௌனம் நீடிக்கிறது. "மணமாயிற்றா?" என்று மருத்துவர் கேட்கிறார்; "இல்லை" என்றதும் பேச்சு முடிந்துவிடுகிறது. மேகவெட்டை போன்ற தொற்றுகள் ஆசனவாயிலோ தொண்டையிலோ அறிகுறியின்றித் தங்கக்கூடும். சிறுநீர்ப் பரிசோதனை அவற்றைக் காட்டாது. உறவின் தன்மையைக் கேட்டறியாத மருத்துவர் அவ்விடங்களைச் சோதிக்கமாட்டார். தொற்று துணைவனுக்கும், ஊரில் மணமுடித்து வைத்திருந்தால் மனைவிக்கும் பரவும். அவளது மகப்பேற்றையும் அது பாதிக்கும். இதனை நம்மில் பலர் எண்ணுவதே இல்லை.

திருச்சபையும் இம்மௌனத்திற்குப் புறம்பானதன்று. இத்தகையோரை ஜெபத்தாலும் உபவாசத்தாலும் 'மாற்ற' முனையும் ஊழியர் உளர். மருத்துவத்தின் பெயரால் நடைபெறும் இத்தகைய முயற்சிகளைச் சென்னை உயர்நீதிமன்றம் 2021இல் தடைசெய்தது. ஜெபிக்க வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. அந்த நாள்களிலெல்லாம் நோய் வளர்கிறது என்கிறோம். இளைஞன் ஒருவன் ஆயரை நாடி வந்தால், அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்திற்கு அவனோடு நடந்து செல்லலாம். அங்கு எச்.ஐ.வி. பரிசோதனைக்குக் கட்டணம் இல்லை. அவன் இசைவின்றிச் சோதிப்பதையும், நிலையை வெளியிடுவதையும் 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் தடுக்கிறது.