வால்வு வெளிச்சம் – 9: கனம் எங்கிருந்து வந்தது?

மணப்பாறைப் பக்கம் ஒரு காலத்தில் கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் ஓடிய மைக் செட். அதை ஓட்டியவர் இப்போது இல்லை. ஆம்பிளிபயரை மட்டும் சாக்கில் சுற்றி, பைக்கில் கட்டிக்கொண்டு வந்தார் மகன்.

“அப்பா செட்டுண்ணே. வீட்டுல பாக்ஸ் ஸ்பீக்கர்ல கேக்குறேன். பாட்டு அவ்வளவு கனமா, சுகமா இருக்கும். உர்ருனு ஒரு இரைச்சல் மட்டும் பின்னாடியே ஓடுது. அதை எடுத்துக் குடுங்க, போதும்.”

திறந்து பார்த்தேன். முன்பக்கம் இரண்டு இ.சி.சி.83, கடைசியில் ஜோடியாக இரண்டு இ.எல்.34. இங்கிலாந்தில் மார்ஷல் கிட்டார் ஆம்பிளிபயர்களை அலறவிட்டதும் இதே வால்வுதான். நம் ஊரில் அது ‘மணமக்களை வாழ்த்திப் பேச வருமாறு’ அழைத்துக்கொண்டிருந்தது.

வருஷக்கணக்கில் பரணில் கிடந்த செட்டை நான் நேராக ப்ளக்கில் சொருகுவதில்லை. 100 வாட் குண்டு பல்பை சீரிஸில் போட்டுத்தான் கரண்ட் கொடுப்பேன். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், டிரான்ஸ்பார்மர் பிழைக்கும். இது பளிச்சென்று எரிந்து மங்கியது. ஸ்பீக்கர் இணைக்காமல் வால்வு செட்டைப் பாட விடவும் கூடாது. அவுட்புட் டிரான்ஸ்பார்மர் உள்ளுக்குள்ளேயே பொறி அடித்துப் போய்விடும்.

இரைச்சலுக்கும் சுருதி உண்டு. நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி. ஹீட்டர் ஒயரிலிருந்தோ எர்த் கோளாறிலிருந்தோ வந்தால் பெரும்பாலும் அந்த 50-தான் கேட்கும். ரெக்டிபயரைத் தாண்டி வந்தது என்றால் இரட்டித்து 100 ஆகிவிடும். ஆர்மோனியத்தில் ஐந்து கட்டைக்கு ஒரு நூல் மேலே. இந்த செட் 100-ல் நின்றது. வால்யூமைச் சுத்தமாகக் குறைத்தும் இரைச்சல் அசையவில்லை. அப்படியானால் கோளாறு வால்யூமுக்குப் பின்னால்.

ஃபில்டர் கண்டென்சர்தான் என்று முடிவுகட்டி, இரண்டையும் மாற்றினேன். கொஞ்சம் குறைந்தது, அவ்வளவே. முப்பது வருஷப் பழக்கம் சில நேரம் மூளைக்கு முன்னால் ஓடிவிடுகிறது.

அன்றிரவு கடை விளக்கை அணைத்த பிறகுதான் கண்ணில் பட்டது. இரண்டு இ.எல்.34-களில் ஒன்றின் பிளேட், அடுப்புக் கரி அணையும்போது இருக்குமே, அந்தச் சிவப்பில் இருந்தது. கண்ணாடி ஓரத்தில் நீல ஒளி தெரிந்தால் பயப்பட வேண்டாம், அது வால்வின் இயல்பு. பிளேட் சிவக்கக் கூடாது. அந்த வால்வின் பிளேட் தாங்குவது 25 வாட். அதற்கு மேல் தின்றுகொண்டிருந்தது.

வால்வுகளைப் பிடுங்கிவிட்டு இரண்டு பேஸிலும் ஐந்தாம் காலை அளந்தேன். அங்கே மைனஸ் வோல்ட் நிற்க வேண்டும். வால்வுக்கு அதுதான் கடிவாளம். ஒரு பக்கம் மைனஸ் 34. மறுபக்கம் மைனஸ் 27, சூடு ஏற ஏற 24. முந்தைய வால்விலிருந்து பாட்டை மட்டும் கடத்திவிட்டு டி.சி.யைத் தடுக்க வேண்டிய மெழுகுக் காகிதக் கண்டென்சர், டி.சி.யையும் கசியவிட்டுக் கடிவாளத்தைத் தளர்த்தியிருந்தது. காசு கணக்கில் பார்த்தால் செட்டிலேயே மலிவான சாமான்.

ஜோடி வால்வு என்பது இரண்டு பேர் ரம்பம் இழுப்பது போல; ஒருவர் தள்ள, ஒருவர் இழுக்க. இரண்டும் சமமாக இருந்தால் சப்ளையில் மிச்சமிருக்கும் 100 சுழற்சி அவுட்புட் டிரான்ஸ்பார்மரில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும். ஒன்று அதிகம் இழுத்தால் போகாது. இரைச்சல் வந்த வழி இதுதான். அப்பா கோயில் மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் இவ்வளவு கீழ்ச் சுருதியை எடுக்காது. அதனால் அவர் காதில் இது சரியாக விழுந்தே இருக்காது.

சமநிலையில் அடிபட்டுப் போவது இரைச்சல் மட்டுமல்ல. வால்வு ஒரு ஸ்வரத்தைப் பெருக்கும்போது அதன் மேல் ஸ்தாயி ஸ்வரத்தையும் துளி சேர்க்கும். ஸட்ஜம் கொடுத்தால் மேல் ஸட்ஜமும் சன்னமாக ஒட்டிக்கொண்டு வரும். காதுக்கு அது பிசகாகத் தெரியாது. பாட்டு பருத்த மாதிரி இருக்கும். ‘வால்வு இனிமை’ என்று பலரும் உருகுவது பெரும்பாலும் இதற்குத்தான். ஆனால் ஒழுங்காக ஓடும் ஜோடி வால்வில் அந்த மேல் ஸட்ஜமும் பெருமளவு அடிபட்டுப் போகும். எஞ்சுவது மூன்றாவது, அதாவது மேல் ஸ்தாயிப் பஞ்சமம். அதுவும் வால்யூமை ஏற்றினால்தான் தலைகாட்டும்.

இரண்டு பக்கமும் புதுக் கண்டென்சர், அளவு பார்த்து எடுத்த ஜோடி வால்வு. இரைச்சல் நின்றது. தம்பியை வரச் சொல்லிப் பாட்டு போட்டேன். கண்ணை மூடிக் கேட்டவர் முகம் விழவில்லை, மலரவும் இல்லை.

“இரைச்சல் போச்சுண்ணே. ஆனா பாட்டுல அந்தக் கனம்...?”

இரண்டும் ஒரே ஓட்டையிலிருந்து வந்தவை என்று சொன்னேன். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அனுப்ப முடியாது. வைத்துக்கொண்டால் வால்வு போகும், கூடவே இனி கிடைக்காத டிரான்ஸ்பார்மரும் போகும். அவர் காது பொய் சொல்லவில்லை. செட் இப்போதுதான் சரியாகப் பாடுகிறது என்பதும் உண்மை.

பணத்தைக் கொடுத்துவிட்டுத் தயங்கி நின்றார். “அந்தப் பழைய கண்டென்சரைத் தூக்கிப் போட்டுட்டீங்களாண்ணே?”

குப்பைக் கூடையில் தேடி எடுத்துக் கொடுத்தேன். சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

(தொடரும்)