சும்மா இருக்கும் வயர்

மாடம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், சேலையூர் பக்கத்து அடுக்ககங்களில் இப்போது கேட்டுக்கு ஒரு கேமரா, மாடிப்படிக்கு ஒரு கேமரா, சங்க அலுவலகத்தில் ஒரு கணினி என்று ஆகிவிட்டது. இவற்றை இணைப்பது பிளாக்குக்கு ஒன்றாக மாட்டிய ஸ்விட்ச் பெட்டி. ஏ, பி, சி என்று மூன்று பிளாக் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஏ-க்கும் பி-க்கும் ஒரு வயர், பி-க்கும் சி-க்கும் ஒரு வயர். இதுவே போதும். ஆனால் பி பிளாக்கில் கரண்ட் போனால் சி துண்டாகிவிடுமே என்று யாரோ நல்லெண்ணத்தில் சி-யிலிருந்து ஏ-க்கும் ஒரு வயர் இழுத்துச் செருகுகிறார். சற்று நேரத்தில் ஒரு கேமராவிலும் படம் வராது.

கணினி உயிர்பெற்றதும் தனக்கு ஐபி முகவரி கேட்டு எல்லோருக்கும் பொதுவாக ஒரு குரல் கொடுக்கும். இதுதான் பிராட்காஸ்ட். ஸ்விட்சுக்குத் தெரிந்ததெல்லாம், வந்த போர்ட்டை விட்டுவிட்டு மற்ற எல்லா போர்ட்டிலும் அதை அனுப்புவது. ஏ அனுப்பியது பி, சி வழியாகச் சுற்றி ஏ-க்கே வரும். ஏ அதைப் புதிதென்று நினைத்து மீண்டும் அனுப்பும். எதிர்த்திசையிலும் இதே கதை. ஐபி பாக்கெட்டுக்கு ஆயுள் எண் ஒன்று உண்டு. ரூட்டருக்கு ரூட்டர் குறைந்து, பூஜ்ஜியமானதும் பாக்கெட் அழிந்துவிடும். ஈதர்நெட் ஃப்ரேமுக்கு அது கிடையாது, சாகாவரம் பெற்றது. 100 மெகாபிட் வயரில் நொடிக்குச் சுமார் 1.48 லட்சம் சிறு ஃப்ரேம்கள் ஓட முடியும். இப்படி வளையம், அதாவது லூப், விழுந்தால் அத்தனை இடத்தையும் இந்தச் சுற்றல்களே அடைத்துக்கொள்ளும்.

இதற்கு மருந்து கண்டவர் ரேடியா பெர்ல்மன். 1985-ல் அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனில் இருந்தபோது அவர் வடிவமைத்ததுதான் ஸ்பேனிங் ட்ரீ புரோட்டோகால், சுருக்கமாக எஸ்டிபி. வழியை ஒரே இரவில் கண்டுபிடித்துவிட்டு, பிறகு அதைப் பற்றிக் கவிதையும் எழுதியதாக அவரே சொல்லியிருக்கிறார். 1990-ல் ஐஇஇஇ அதை 802.1டி என்ற தரமாக ஏற்றது.

எஸ்டிபி உள்ள ஸ்விட்சுகள் 2 நொடிக்கு ஒருமுறை பிபிடியு என்ற சிறு செய்தியைப் பரிமாறிக்கொண்டு முதலில் ஒரு தலைமை ஸ்விட்சைத் தேர்ந்தெடுக்கும். அதற்குப் பெயர் ரூட். மற்ற ஒவ்வொன்றும் ரூட்டுக்குச் செலவு குறைந்த வழி எது என்று கணக்கிடும். வேகமான வயருக்குச் செலவு குறைவு. இந்த வழிகள் சேர்ந்ததுதான் மரம் (ட்ரீ). அதற்கு வேண்டாத இணைப்பில் ஒரு முனையின் போர்ட் அடைக்கப்படும். வயர் செருகியபடியே இருக்கும், தரவு மட்டும் போகாது. நம் அடுக்ககத்தில் ஏ ரூட் ஆனால் பி, சி இரண்டுக்கும் ஏ-க்கு நேர்வழி உண்டு. எனவே அடைபடுவது நேற்று இழுத்த வயர் அல்ல, பி–சி இடையே இருந்த பழைய வயர்.

ரூட் தேர்தலில்தான் வேடிக்கை. முன்னுரிமை எண் எல்லாப் பெட்டியிலும் 32768 என்றே வருகிறது. சமநிலையானால், தயாரிப்பிலேயே பெட்டிக்குத் தரப்படும் மேக் அட்ரஸ் என்ற எண் சிறியதாக உள்ளது வெல்லும். பழைய பெட்டிக்குச் சிறிய எண் இருப்பது அடிக்கடி நடப்பதால், பரணில் தூசி படிந்த ஸ்விட்ச் மொத்த நெட்வொர்க்குக்கும் தலைவராகிவிடக்கூடும். ஏ-யின் முன்னுரிமையை நாமே 4096 என்று குறைத்து வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. இதை ஏனோ பலர் செய்வதில்லை.

இன்னொரு பலவீனம், மௌனத்தை மரணமாக எடுத்துக்கொள்வது. 20 நொடி பிபிடியு வராவிட்டால், பாதை அறுந்ததாக நினைத்து, அடைத்த போர்ட் மேலும் 30 நொடியில் திறந்துகொள்ளும். உண்மையிலேயே வயர் அறுந்திருந்தால் நல்லதுதான். நெரிசலில் பிபிடியு தொலைந்திருந்தால், தடுக்க வேண்டிய லூப்பை எஸ்டிபியே உண்டாக்கிவிடும். எந்த இரு கணினிகளுக்கும் இடையில் ஏழு ஸ்விட்சுக்கு மேல் வேண்டாம் என்ற பரிந்துரையும் உண்டு. 2002 நவம்பரில் பாஸ்டனின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையில் அளவுக்கு மீறி வளர்ந்திருந்த நெட்வொர்க் எஸ்டிபி சிக்கலில் விழ, மருத்துவர்கள் சில நாட்கள் காகிதத்தில் மருந்து எழுத வேண்டியதாயிற்று. 2001-ல் வந்த ரேபிட் எஸ்டிபி, 50 நொடித் தாமதத்தைச் சில நொடிகளுக்குள் குறைத்தது.

நம் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் அன்மேனேஜ்டு ஸ்விட்சுகளில் பெரும்பாலும் எஸ்டிபி இருக்காது. ஒரே பேட்ச் கார்டின் இரு முனையையும் ஒரே பெட்டியில் செருகினாலே அது படுத்துவிடலாம். எல்லா விளக்கும் ஒரே வேகத்தில் படபடத்தால் லூப் என்று சந்தேகித்து, ஒவ்வொரு வயராக உருவிப் பார்க்கலாம். மூன்று பிளாக்குக்கும் எஸ்டிபி உள்ள மேனேஜ்டு ஸ்விட்ச் வாங்கச் சங்கத்தில் பணம் இல்லையென்றால், மூன்றாவது வயரை இழுத்து, முனையைச் செருகாமல், எந்த போர்ட் என்று ஒரு சீட்டில் எழுதித் தொங்கவிடலாம். பி-யில் கரண்ட் போனால் வாட்ச்மேன் செருகிக்கொள்வார். கரண்ட் வருவதற்குள் அதை உருவிவிட வேண்டும் என்பதையும் அந்தச் சீட்டிலேயே எழுதிவிடுவது நல்லது.