ஊரைப் பார்த்தது யார்? ஆண்ட்வெர்ப் தகடுகளும் மதுரைத் தகடுகளும்

1559இல் ஆண்ட்வெர்ப் நகரப் பதிப்பாளர் ஹியரோனிமஸ் காக் ஒரு எட்சிங் தொகுதியை வெளியிட்டார், 1561இல் இன்னொன்று. 'சிறு நிலக்காட்சிகள்' என்று இன்று இவற்றைக் குறிப்பிடுகிறார்கள். புனிதர் இல்லை, அரசன் இல்லை, பைபிள் கதை இல்லை. கூரை வீடு, வேலி, குட்டை, மண்பாதை, அவ்வளவுதான். கதைகளுக்குப் பின்னணியாக ஓரத்தில் கிடந்த ஊர் இங்கே மையத்துக்கு வருகிறது.

எட்சிங் என்பது கைவினைதான். செப்புத் தகட்டில் மெழுகுப் பூச்சு கொடுத்து, ஊசியால் கீறி, அமிலத்தில் போடுவார்கள். கீறிய இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும். அந்தப் பள்ளத்தில் மை ஏற்றி, ஈரத்தாளை வைத்து அழுத்தினால் படம். ஓவியம் ஒரு பிரபு வீட்டோடு நின்றுவிடும். அச்சு பல பேர் கைக்குப் போகும். சரி, வாங்கினது யாரு? பெரும்பாலும் நகரத்தார். அவர்களில் வசதியானவர்கள் சுற்றுப்புறத்தில் பண்ணை வீடுகளும் நிலமும் வாங்கிக்கொண்டிருந்த காலம் அது. மூலச் சித்திரங்கள் பலவற்றில் ஆட்களே இல்லை. அச்சுக்குப் போகும்போதுதான் சின்னச் சின்ன உருவங்கள் சேர்க்கப்பட்டன. உழுகிறவன் படத்துக்குள் வந்தது இப்படித்தான்.

வரைந்தவர் பெயரும் கிடையாது. 1601 மறுபதிப்பு கார்னெலிஸ் கார்ட் என்றது. 1612இல் ஆம்ஸ்டர்டாமில் விஸ்ஸர் புரூகல் என்றார். ஆசிரியன் என்பவன் சந்தையின் தேவைக்கேற்ப உற்பத்தி செய்யப்படுகிறான் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம். இடையில், 1585இல், ஸ்பானியப் படையிடம் ஆண்ட்வெர்ப் வீழ்ந்திருந்தது. சுற்றியிருந்த ஊர்கள் போரில் சீரழிந்திருந்தன. அதே கோடுகள்தான். ஆனால் இப்போது அவை இழந்த ஊரின் நினைவாக வாசிக்கப்பட்டன.

நம்ம பக்கம் வருவோம். 1792இல் தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் மதுரைக்கு வந்தார்கள். 1795க்கும் 1808க்கும் இடையில் லண்டனில் வெளிவந்த அவர்களுடைய 144 அக்வாடின்ட் படங்களில் நாயக்கர் அரண்மனையும் புதுமண்டபமும் உண்டு. இதுவும் தகடு, அமிலம்தான். ஆனால் பார்வை வேறு. கம்பெனி ஆட்சி காலூன்றிக்கொண்டிருந்த ஒரு நாட்டின் பழம்பெருமையும் இடிபாடும் லண்டன் வாங்குபவர்களுக்காகத் தொகுக்கப்படுகின்றன. தூணின் உயரம் தெரிய மனிதன் அளவுகோலாக நிறுத்தப்படுகிறான். வைகைக்கு வடகரையில் கோரிப்பாளையம் தர்காவைச் சுற்றி வாழ்ந்த சனங்களின் தெருவும் வேலையும் இந்தப் பார்வைக்குப் பொருளாகவில்லை.

பிளெமிஷ் தகடு ஊரைக் காட்டி உழைப்பவனைப் பேரில்லாத உருவமாக்கியது. டேனியல் தகடு கட்டடத்தைக் காட்டி ஊரையே வெளியே நிறுத்தியது. இன்றைக்கும் காலண்டரிலும் சினிமாவிலும் 'கிராமம்' வந்துகொண்டேதான் இருக்கிறது. அழகா இருக்கு என்று சொல்வதற்கு முன்னால் கேட்டுப் பார்க்கலாம்: இது யார் வீட்டுச் சுவருக்காகச் செய்யப்பட்டது? அந்த வயல் யாருடையது?