மேடில்லாத ஊரிலிருந்து மலைக்கு: வெளிநாட்டுச் சைக்கிள் பயணத்துக்கு எப்படித் தயாராவது?

கிளமெண்டியிலிருந்து வார இறுதி விடியற்காலையில் சைக்கிளில் கிளம்புவோருக்குப் பாதைப் பஞ்சம் இல்லை. உலு பாண்டான் ஆற்றோரப் பூங்கா இணைப்புப்பாதை வீட்டு வாசலிலேயே தொடங்குகிறது. தெற்கே போனால் வெஸ்ட் கோஸ்ட் பூங்கா. கிழக்கே சற்றுத் தள்ளி, 2011ல் ரயில் ஓட்டம் நின்றுபோன பழைய மலாயா ரயில் தடம், இன்று 24 கிலோமீட்டர் நீளப் பசுமைப் பாதையாக இருக்கிறது.

பஞ்சம் மேட்டுக்குத்தான். சிங்கப்பூரின் ஆக உயரமான இயற்கைக் குன்றான புக்கிட் தீமா 163 மீட்டர்தான். சைக்கிளோட்டிகள் திரும்பத் திரும்ப ஏறிப் பழகும் மவுண்ட் ஃபேபர் ஏறக்குறைய 100 மீட்டர்.

ஆனாலும், வேலைக்குப் போய்க்கொண்டே சைக்கிள் ஓட்டும் பொழுதுபோக்கு வீரர்கள் பலர், ஆண்டு விடுப்பை வெளிநாட்டுப் போட்டிகளுக்கும் மலை நடைக்கும் ஒதுக்குகிறார்கள். தட்டையான தீவில் பழகிய உடலுக்கு அங்கே என்ன புதிதாக இருக்கும், இங்கிருந்தபடியே எதற்கெல்லாம் தயாராகலாம் என்று தெரிந்துகொண்டு போனால் பயணம் இனிதாகும், ஆபத்தும் குறையும்.

தட்டையில் காற்று, மேட்டில் எடை

சமதளத்தில் சைக்கிளோட்டியின் எதிரி காற்று. முன்னால் போகிறவரின் பின்னால் ஒட்டிக்கொண்டால் பாடு கணிசமாகக் குறையும். களைத்தால் மிதிப்பதைச் சற்று நிறுத்தினாலும் வண்டி உருளும்.

மலையில் நிலைமை வேறு. வேகம் குறைந்துவிடுவதால் முன்னால் போகிறவரின் மறைவு பெரிதாக உதவாது. தூக்கிச் செல்ல வேண்டியது நம் எடையும் வண்டியின் எடையும். மிதிப்பதை நிறுத்தினால் வண்டி நின்றுவிடும். ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ ஓய்வின்றி ஒரே சீராக மிதிக்கும் பழக்கம் சிங்கப்பூர்ச் சாலைகளில் கிடைப்பது அரிது. இங்கே சிவப்பு விளக்கு ஓய்வு தந்துவிடும்.

இதற்கு விலையுயர்ந்த வண்டிதான் தீர்வு என்று பலர் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 70 கிலோ எடையுள்ளவர் 8 கிலோ வண்டியில் ஏறுகிறார். வண்டியின் எடையில் ஒரு கிலோ குறைத்தால், ஒரு மணி நேர ஏற்றத்தில் மிச்சமாவது ஒரு நிமிடத்துக்கும் குறைவு. ஆயிரக்கணக்கான வெள்ளியை அதில் போடுவதைவிட, பற்கள் குறைந்த முன் சக்கரத்தையும் பற்கள் அதிகமான பின் சக்கரத்தையும் பொருத்திக்கொள்வது முழங்காலுக்கு நல்லது. முன்னால் 34 பல், பின்னால் 32 அல்லது 34 பல் இருந்தால் பெரும்பாலான மலைகளைச் சமாளிக்கலாம்.

படிப்படியாக உயரலாம்

முதல் பயணமே பெரிய மலையாக இருக்க வேண்டியதில்லை. 2011 முதல் நடந்துவரும் ‘டூர் டி பிந்தான்’ பலருக்கு முதல் வெளிநாட்டுப் போட்டி. தானா மேரா முனையத்திலிருந்து படகில் போய்விடலாம். மலை கிடையாது, ஆனால் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும் சாலைகள் தொடையைச் சோதிக்கும். பெருவிரைவு ரயிலில் மடக்கு சைக்கிள்களுக்கு மட்டுமே அனுமதி என்பதால், கிளமெண்டியிலிருந்து முனையத்துக்கு வண்டியை எப்படிக் கொண்டுபோவது என்று முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

அடுத்த படி மலேசியாவின் கெந்திங் அல்லது கேமரன் மலை. 1996ல் தொடங்கிய ‘டூர் டி லங்காவி’ போட்டியில் தொழில்முறை வீரர்களையே திணறவைத்த ஏற்றம் கெந்திங்.

தமிழ்நாட்டுப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு 2008ல் தொடங்கிய ‘டூர் ஆஃப் நீலகிரிஸ்’ இருக்கிறது. சுமார் 1,000 மீட்டர் உயரத்திலுள்ள மசினகுடியிலிருந்து 2,240 மீட்டர் உயர ஊட்டிக்கு ஏறும் கல்லட்டிச் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். தனியாகப் போகிறவர்கள் 70 வளைவுகள் கொண்ட கொல்லி மலையையும் முயன்று பார்க்கலாம்.

உச்சிப் படிகளில் ஒன்று தைவானின் ‘கிங் ஆஃப் த மவுண்டன்’. கடலோரத்தில் தொடங்கி 105 கிலோமீட்டரில் 3,275 மீட்டர் உயரமுள்ள வூலிங் கணவாயை எட்ட வேண்டும். அது இருபது புக்கிட் தீமாவுக்குச் சமம். மிகச் செங்குத்தான பகுதிகள் கடைசிப் பத்து கிலோமீட்டரில் வருவதால், தொடக்கத்தில் வேகம் காட்டியவர்கள் அங்கே வண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பார்கள்.

வீவக மாடிப்படியும் பயிற்சிக்கூடமே

நீண்ட ஏற்றத்துக்குப் பதிலாக எதிர்காற்றைப் பயன்படுத்தலாம். லிம் சூ காங் அல்லது சாங்கி கடலோரச் சாலையில், கனமான பல்லில், 20 நிமிடம் நிற்காமல் மிதித்தால் மலையேற்றத்தின் சுமையை ஓரளவு உணரலாம். வீட்டுக்குள் நிலையாகப் பொருத்தி மிதிக்கும் சாதனம் இருந்தால் இன்னும் வசதி.

குழுவாகச் சாலையில் ஓட்டுவோர் விதிகளை மறக்கக்கூடாது. ஒற்றை வரிசையில் ஐவர், இருவர் இணையாகச் சென்றால் பத்துப் பேர் என்பதே உச்சவரம்பு. தலைக்கவசம் கட்டாயம்.

மலை நடைக்குத் தயாராவோருக்கு வீவக கட்டடமே போதும். ஒரு மாடிக்கு ஏறத்தாழ 2.8 மீட்டர் என்று கொண்டால், 25 மாடிக் கட்டடத்தை ஒருமுறை ஏறுவது 67 மீட்டர். சபாவின் கினபாலு மலையில், 1,866 மீட்டரிலுள்ள திம்போகோன் வாயிலிலிருந்து 4,095 மீட்டர் சிகரம் வரை இரண்டு நாளில் ஏறுவது 2,229 மீட்டர். அதாவது அதே கட்டடத்தை 33 முறை ஏறுவதற்குச் சமம். இறங்கும்போது மின்தூக்கியில் ஏறிவிடாமல் நடந்தே இறங்கிப் பழக வேண்டும். மலையில் தொடைத்தசை கிழிந்ததுபோல் வலிப்பது பெரும்பாலும் இறங்கும்போதுதான்.

இறக்கத்தில்தான் ஆபத்து

ஏறுவது களைப்பு, இறங்குவது ஆபத்து. நீண்ட இறக்கம் நமக்குப் பழக்கமே இல்லாத ஒன்று. பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே இறங்கினால் அது சூடாகி வலுவிழக்கும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவில் பிரேக்கை விட்டு, பார்வையைப் போக வேண்டிய திசையில் வைக்க வேண்டும். முன்னால் போகிறவரைத் துரத்தக்கூடாது.

குளிரும் சேர்ந்துகொள்ளும். ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். வூலிங்கின் உச்சி கடற்கரையைவிட ஏறத்தாழ 20 டிகிரி குளிர்ந்திருக்கும். வியர்வையில் நனைந்த சட்டையோடு காற்றில் இறங்கினால் விரல் விறைத்து, பிரேக்கைப் பிடிக்கவே முடியாமல் போகலாம். சட்டைப்பையில் மடித்து வைக்கக்கூடிய காற்றுத்தடுப்பு மேலங்கியும் முழுவிரல் கையுறையும் கட்டாயம் தேவை.

உயரத்தில் மூச்சு

3,000 மீட்டருக்கு மேல் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. சுமார் 2,500 மீட்டருக்கு மேல் தங்குவோருக்கு உயர நோய் வரலாம். எவ்வளவு உடற்கட்டு உள்ளவரையும் அது விட்டுவைப்பதில்லை. தலைவலி, குமட்டல், தலைச்சுற்றல் வந்தால் மேலே ஏறக்கூடாது. தடுமாறி நடப்பது, பேச்சில் குழப்பம், சும்மா இருக்கும்போதே மூச்சுத்திணறல் ஆகியவை உயிருக்கு ஆபத்தான அறிகுறிகள். உடனே கீழே இறங்க வேண்டும்.

3,000 மீட்டருக்கு மேல், உறங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல் இருப்பது பொது விதி. விடுப்பு போதவில்லை என்று ஓய்வு நாளைக் குறைப்பதே நம்மவர்கள் செய்யும் பெரிய தவறு. பணம் கட்டிவிட்டோம் என்பதற்காக ஏறவும் கூடாது.

புறப்படும் முன்

நீரிழிவும் இதய நோயும் இந்தியர்களிடையே அதிகம். நாற்பதைத் தாண்டியவர்கள் பல மாதங்களுக்கு முன்பே மருத்துவரைப் பார்ப்பது நல்லது. இன்சுலின் போடுபவர்களுக்கு நீண்ட சவாரியில் சர்க்கரை திடீரென இறங்கக்கூடும். மிட்டாய் கையில் இருக்கட்டும், உடன் வருபவருக்கும் விவரம் தெரிந்திருக்கட்டும். நீண்ட சவாரியில் பசி எடுக்கும்வரை காத்திருக்காமல் மணிக்கு ஒன்றிரண்டு வாழைப்பழம் அளவாவது சாப்பிட வேண்டும்.

பயணக் காப்புறுதியின் சிறிய எழுத்துகளைப் படிப்பதும் முக்கியம். பல திட்டங்கள் போட்டிகளில் ஏற்படும் காயத்துக்கோ, குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் நடப்பவற்றுக்கோ இழப்பீடு தருவதில்லை. மலையிலிருந்து ஹெலிகாப்டரில் இறக்கும் செலவு குடும்பத்தின் தலையில் விழாமல் இருக்க, தேவைப்பட்டால் கூடுதல் காப்புறுதி எடுக்கலாம். வெளியுறவு அமைச்சின் இணையத்தளத்தில் பயண விவரத்தைப் பதிவுசெய்வதற்குச் சில நிமிடம் போதும்.

டிசம்பர் விடுமுறையில் மலைக்குப் போகிறவர்கள் ஆகஸ்டிலேயே படியேறத் தொடங்கினால் சரியாக இருக்கும். முதல் வாரம் ஐந்து முறை, அடுத்த வாரம் ஏழு முறை என்று கூட்டிக்கொண்டே போகலாம். அண்டைவீட்டாரின் தூக்கம் கெடாத நேரமாகப் பார்த்துக்கொண்டால் போதும்.