மெசி 35க்கு எத்தனையடி ஸ்லாஷர்?

மாரி ஓய்ந்து தை பிறக்கிற நேரம், உப்புவெளியிலிருந்து நிலாவெளிப் பக்கம் போகிற வழியில் வெறுங்காணிகளில் கினியாப்புல் ஆளுயரத்துக்கு நிற்கும். அதற்குள்ளே நாயுண்ணி, சூரை, ஈஞ்சு. நெடுநாள் ஆட்களில்லாமல் கிடந்த காணியென்றால் புல்லைவிடப் பற்றையே கூடுதல். கத்தியோடு இறங்கினால் ஆள்கூலி கட்டாது. வீட்டில் பழைய மெசி பெர்குசன் 35 உழவு மெசின் நிற்கிறவர் அதன் பின்னால் பற்றை வெட்டும் சுழல்கத்திக் கருவியான ஸ்லாஷர் ஒன்றைப் பூட்டினாலென்ன என்று யோசிப்பது இயல்புதான். நாலடி, ஐந்தடி, ஆறடி என்று அகலங்கள் உண்டு. பெரியதை எடுத்தால் வேலை கெதியாக முடியும் என்று நினைத்துத்தான் பலர் சறுக்குகிறார்கள்.

முதலில் வலுவைப் பார்ப்போம். நடுத்தரப் பற்றை வெட்ட, ஓரடி அகலத்துக்குப் பி.ரி.ஓ. தண்டில், அதாவது பின்னால் பூட்டும் கருவிக்குச் சுழற்சி கொடுக்கும் தண்டில், 5 குதிரைவலு வேண்டும் என்பது பரவலாக வழங்கும் கைக்கணக்கு. 1956இல் இங்கிலாந்தின் கொவென்றி நகரிலிருந்து வரத் தொடங்கிய இந்த 35, மூன்று சிலிண்டர் பேர்கின்ஸ் டீசல் இயந்திரத்தோடு புதிதில் தந்தது ஏறக்குறைய 37 குதிரைவலு. ஆனால் அதன் பி.ரி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்று எடுப்பது இயந்திரம் 1500 சுற்றில் ஓடும்போது. முழு வலு கிடைப்பதோ 2000 சுற்றுக்குக் கிட்ட. அந்த வலுவுக்கு ஆசைப்பட்டு அக்சிலேட்டரைக் கூட்டினால் ஸ்லாஷரின் கியர்பெட்டிக்குக் கேடு. பல்லாண்டுத் தேய்மானத்தையும் கழித்துவிட்டு, கத்திக்குப் போய்ச் சேர்வது 25 குதிரைவலு என்று வைத்துக்கொள்வதே புத்தி. அது ஐந்தடிக்குக் காணும். அதற்கும் மூத்த சாம்பல் நிறப் பெர்குசன் ரி.ஈ. 20 என்றால் நாலடிக்கு மேல் போகவேண்டாம்.

அகலம் குறைந்தால் பின்சில்லு மிதித்த புல் வெட்டுப்படாமல் கிடக்குமே என்பார்கள். உண்மைதான். ஆனால் 35இன் பின்சில்லுகளின் இடைவெளியை 48 அங்குலம் வரை ஒடுக்கலாம். அப்போது ரயரின் வெளிவிளிம்புகளுக்கு இடையே ஏறக்குறைய 60 அங்குலம், அதாவது ஐந்தடி. உப்புவெளி போன்ற சமதரையில் இப்படி ஒடுக்கி ஓட்டுவதில் ஆபத்தில்லை.

அடுத்தது பாரம். 400 கிலோ எடையுள்ள ஓர் ஆறடி ஸ்லாஷரைத் தூக்குவதாக வையுங்கள். அதன் எடைமையம் பின் அச்சிலிருந்து ஏறத்தாழ ஒன்றே முக்கால் மீற்றர் பின்னால் இருக்கும். முன் அச்சோ பின் அச்சிலிருந்து 1.8 மீற்றர்தான் முன்னால். நெம்புகோல் கணக்குப்படி முன்சில்லுகள் மேல் இருந்த பாரத்தில் 380 கிலோவுக்குக் குறையாமல் போய்விடும். அங்கே மொத்தமாக நிற்பதே 500 கிலோ அளவுதான். பிறகு ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் சில்லு மணலில் வழுக்கிக்கொண்டு நேரே போகும். 250 கிலோ ஐந்தடி ஸ்லாஷர் என்றால் 220 கிலோ அளவே குறையும், மெசின் சொல்வழி கேட்கும்.

இவை இரண்டையும்விட என்னைக் கவலைப்படுத்துவது நிறுத்துகிற விடயம். ஒற்றைக் கிளச் உள்ள பழைய மெசின்களில் பி.ரி.ஓ.வுக்குச் சுழற்சி கியர்பெட்டி வழியாகவே போகிறது. கிளச்சை மிதித்தால் இயந்திரம் மட்டும் கழன்றுகொள்ளும். சுழன்றுகொண்டிருக்கும் கத்திகள் தங்கள் வேகத்தைப் பி.ரி.ஓ. வழியே கியர்பெட்டிக்கும், அங்கிருந்து பின்சில்லுகளுக்கும் திருப்பி அனுப்பும். ஓட்டுகிறவர் கிளச்சை மிதித்தபடி இருக்க, மெசின் வேலியை நோக்கிப் போய்க்கொண்டேயிருக்கும். இந்தத் தள்ளும் ஆற்றல் ஆரையின் வர்க்கத்தோடு கூடுவது. கத்தியின் எடையும் சுற்றும் மாறாவிட்டாலும், நாலடியிலிருந்து ஆறடிக்குப் போனால் அது இரண்டேகால் மடங்கு. பெரிய ஸ்லாஷரின் கத்தி பாரமாகவும் இருப்பதால் உண்மையில் இன்னும் கூடும்.

மெசி 35இன் டீலக்ஸ் வகையில் இரட்டைக் கிளச் உண்டு. பாதி மிதித்தால் சில்லு நிற்கும், கத்தி சுற்றும். முழுதாக மிதித்தால்தான் பி.ரி.ஓ.வும் கழலும். உங்களுடையது எந்த வகை என்று தெரியாமல் ஸ்லாஷருக்கு விலை பேசாதீர்கள். ஒற்றைக் கிளச் என்றால், ஒருபக்கம் மட்டும் விசை கடத்தும் கப்ளிங் ஒன்றைப் பி.ரி.ஓ. தண்டில் கட்டாயம் போடவேண்டும். சைக்கிளின் பின்சில்லில் இருக்கும் பிரீவீல் செய்கிற வேலையையே இதுவும் செய்கிறது. கப்ளிங் போட்டதும் இணைப்பின் நீளம் சில அங்குலம் கூடும். அதற்கேற்பச் சுழல்தண்டை வெட்டிக் குறைக்காவிட்டால், ஸ்லாஷரைத் தூக்கும்போது தண்டு முட்டி பெயரிங்கை உடைக்கும்.

ஐந்தடி ஸ்லாஷரில் கத்தி நிமிடத்துக்கு 900 சுற்று சுற்றினால் அதன் முனை மணிக்கு 250 கிலோமீற்றருக்கு மேல் பறக்கும். அதில் பட்ட கல் றோட்டில் போகிறவரைத் தாக்கக்கூடும். பின்புறச் சங்கிலித் திரை இல்லாத ஸ்லாஷர் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

மெசினை இறக்குமுன் காணியை நடந்து பாருங்கள். படைமுகாமோ காவலரணோ இருந்த இடமென்றால், கண்ணிவெடி அகற்றியவர்களின் உறுதி கிடைக்கும்வரை காலே வைக்கவேண்டாம். மற்றக் காணிகளில் தேடவேண்டியது பனங்குற்றியும் முட்கம்பியும். குற்றியில் பட்டால் கத்தி பின்னால் மடங்கிக் கொடுக்கும். பெரும்பாலும் ஷியர் போல்ட்டோடு சேதம் முடிந்துவிடும். கம்பியோ கத்தித் தண்டில் சுற்றி இறுகி ஓயில் சீலை அறுக்கும். எண்ணெய் ஒழுகுவது கண்ணில் படுவதற்குள் கியர்பெட்டி வறண்டிருக்கும்.