கன்னத்துக் குழிக்குக் கிறீம் போதாது

பரு ஆறிய இடத்தில் இரண்டு வகை அடையாளம் தங்கும். ஒன்று, தோல் சமமாக இருக்க, நிறம் மட்டும் கறுத்த புள்ளி. அது தழும்பே இல்லை. வெயில் படாமல் பார்த்துக்கொண்டால் மாதக்கணக்கில் மெல்ல மங்கிவிடும். மஸ்கெலியாவில் வெயில் படாமல் இருப்பதுதான் சிக்கல். பனிமூட்டமும் குளிருமாக இருக்கிற ஊரில் வெயில் என்ன செய்யும் என்று தோன்றும். ஆனால் கடல் மட்டத்திலிருந்து 1,000 மீற்றர் ஏறினாலே புற ஊதாக்கதிர் 10 வீதமளவு கூடும். மஸ்கெலியா அதற்கும் மேலே இருக்கிறது. காலையிலிருந்து மலையில் நின்று கொழுந்து பறிக்கிறவர் கன்னத்தில் கறுப்பு சீக்கிரம் விடாது.

மற்றது குழி. பரு ஆழத்தில் கட்டியாகி வீங்கும்போது மயிர்க்காலின் சுவர் உடைந்து, தோலைத் தாங்கும் கொலாஜன் நாரும் அழிகிறது. உடம்பு அதைத் திரும்பக் கட்டும். போன அளவுக்குக் கட்டாது. ஆகவே மேலே பூசும் கிறீம் ஆழக் குழியை நிரப்பப் போவதில்லை. 'வெள்ளையாக்கும்' கிறீம் அதைவிட மோசம். இலங்கையில் விற்ற சிலவற்றில் பாதரசம் இருந்தது தெரியவந்திருக்கிறது. ஸ்டெரொய்ட் கலந்தவை முதலில் முகத்தைப் பளபளப்பாக்கி, பிறகு தோலை மெலியவைத்துப் புதுப் பருவையும் கிளப்பும்.

குழிகளை மூன்று வடிவமாகப் பிரிக்கும் முறையை 2001இல் அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் வெளியிட்டார்கள். ஊசி குத்தியதுபோல் குறுகி ஆழமாக இறங்குவது ஒன்று. ஓரம் செங்குத்தாக, அடி தட்டையாக இருப்பது இரண்டாவது. மூன்றாவது, அகலமாக அலையலையாகப் பள்ளம் விழுவது. கண்ணாடிக்கு முன் பக்கவாட்டு வெளிச்சத்தில் நின்று, இரண்டு விரலால் கன்னத்தை இழுத்துப் பாருங்கள். அலைப்பள்ளம் அநேகமாக மறைந்துவிடும்; ஊசிக்குழி அப்படியே நிற்கும்.

வைத்தியம் இந்த வித்தியாசத்தைப் பார்த்துத்தான் தொடங்க வேண்டும். பலரும் நேரே லேசரைக் கேட்கிறார்கள். ஊசிக்குழிக்கு ஒரு கூரான மரக்குச்சி போதும். அதன் நுனியில் கடும் ட்ரைகுளோரோஅசெற்றிக் அமிலத்தைத் தொட்டு, குழியின் அடியில் மட்டும் அழுத்துவார்கள். சில விநாடியில் அந்தப் புள்ளி வெளுக்கும், பொருக்கு கட்டி உதிரும், உள்ளே புதுக் கொலாஜன் ஊறும். 2002இல் தென்கொரியாவில் 65 பேருக்கு இதைச் செய்து பார்த்தார்கள். எல்லாரும் மாநிறத்தார் என்பது நமக்கு முக்கியம். இதை வீட்டில் செய்து பார்க்க நினைக்கவே வேண்டாம். குழிக்கு வெளியே ஒரு சொட்டு பட்டால் அதுவே புதுத் தழும்பு.

அலைப்பள்ளத்தில் தழும்பு நார் தோலை அடியோடு கட்டி வைத்திருக்கும், மெத்தையில் தைத்த பொத்தான்போல. மரத்துப்போக ஊசி போட்டு, தோலுக்கடியில் இன்னொரு ஊசியை நுழைத்து அந்த நாரை அறுப்பார்கள். நார் அறுபடும் சத்தம் சிலருக்குக் கேட்கும். கன்னம் சில நாள் கன்றிப்போயிருக்கும். 1995இல் ஓரன்ட்ரைக் என்ற மருத்துவக் குடும்பத்தினர் விவரித்த இந்த முறைக்கு இன்றும் மவுசு குறையவில்லை.

லேசர் பயனற்றது என்றில்லை. ஓரம் கூர்ந்த ஆழமில்லாத குழிகளுக்கு நல்லது. நம் நிறத் தோலில் சூடு கூடினால் கறுத்துவிடும் என்பதால் சக்தியைக் குறைத்து, இடைவெளி விட்டுச் செய்ய வேண்டும். எந்த முறையிலும் ஒரே தடவையில் முடியாது, முழுக்கவும் மறையாது. பாதி நிரம்பினாலே நல்ல பலன்.

அதற்கு முன் புதுப் பரு வருவது நிற்க வேண்டும். கடுமையான பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினோயின் மாத்திரையைக் கர்ப்பிணிகள் தொடவே கூடாது. வயிற்றுப் பிள்ளைக்கு ஊனம் வரக்கூடும். யாரோ சாப்பிட்டு மிஞ்சியதை வாங்கி விழுங்குகிற பழக்கம் இதில் வேண்டாம்.

பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரியில் கடிதம் வாங்கிக்கொண்டு, கண்டி தேசிய வைத்தியசாலை போன்ற பெரிய இடத்துத் தோல் கிளினிக்குக்குப் போகலாம். போகும்போது இதுவரை பூசிய டியூப், டப்பா எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். எதில் ஸ்டெரொய்ட் இருந்தது என்பதை டொக்டர் முதலில் பார்க்க வேண்டியிருக்கும்.