ஒருத்தர் படிக்க லயமே கேட்கும்

"எனக்குத்தான் எழுத்து தெரியாதே, எனக்கு எதுக்குப் புத்தகம்?" நமது தோட்டங்களில் வயதான தாய்மார் பலர் இப்படிச் சொல்வதுண்டு. வெயிலிலும் மழையிலும் கொழுந்து பறித்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள், தாங்கள் மட்டும் புத்தகத்துக்கு வெளியே நிற்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். வாசிப்பு என்றால் ஒரு ஆள் மூலையில் தனியாக உட்கார்ந்து சத்தமில்லாமல் படிப்பது என்று நாம் எண்ணிப் பழகிவிட்டோம். நம்ம பாட்டன் பாட்டி காலத்தில் அப்படி இருக்கவில்லை.

அவர்கள் காதால் புத்தகம் படித்தவர்கள். நல்லதங்காள் கதை, அல்லி அரசாணி மாலை, விக்கிரமாதித்தன் கதை எல்லாம் 'பெரிய எழுத்து'ப் புத்தகங்களாக வந்தன. எழுத்துக்கூட்டிப் படிக்கிறவரும் குப்பி விளக்கு வெளிச்சத்தில் வாசித்துவிடலாம். ஒருவர் ராகம் போட்டு வாசிப்பார். மற்றவர்கள் சுற்றியிருந்து கேட்பார்கள். நல்லதங்காள் பிள்ளைகளைக் கிணற்றில் தள்ளும் இடம் வந்தால் கேட்கிறவர் அழாமல் இருப்பது கஷ்டம். "அந்த மூளி அலங்காரிக்கு நல்லா வேணும்" என்று திட்டுகிறவர்களும் உண்டு. புத்தகத்தோடு இப்படிச் சண்டை பிடிப்பதும் வாசிப்புத்தானே!

நமது மலையகத்தில் தொழிற்சங்கம் வளர்ந்ததிலும் இந்த வழக்கத்துக்குப் பங்கு இருக்கிறது. கோ. நடேசய்யரும் அவருடைய மனைவி மீனாட்சி அம்மையும் தொழிலாளர் துயரத்தைப் பாட்டுகளாக எழுதி அச்சிட்டார்கள். கூட்டங்களில் மீனாட்சி அம்மை அவற்றைப் பாடுவார். கையில் நோட்டீஸ் கொடுத்தால் படிக்கத் தெரிந்தவருக்கு மட்டுமே பயன். பாட்டாகப் பாடினால் எல்லாருக்கும் போய்ச் சேரும்.

கடல் கடந்து கியூபா என்ற தீவிலும் இதுபோல ஒரு வழக்கம் உண்டு. நமக்குத் தேயிலை போல அவர்களுக்குப் புகையிலையும் சுருட்டும். சுருட்டுச் சுற்றுவது காலையிலிருந்து மாலை வரை ஒரே இடத்தில் உட்கார்ந்து செய்கிற வேலை. கை ஓயாது, ஆனால் காது சும்மாதான் இருக்கும். 1865 இல் அவானா நகரத்துச் சுருட்டுத் தொழிற்சாலைகளில், வேலை நடக்கும்போது ஒருவர் உரத்து வாசிக்கும் ஏற்பாடு தொடங்கியது. வாசிப்பவருக்கு உரிய கூலியைத் தொழிலாளர்களே தங்கள் சம்பளத்திலிருந்து சேர்த்துக் கொடுத்தார்கள். எந்தக் கதை வேண்டும் என்பதையும் தாங்களே முடிவு செய்தார்கள். தொழிலாளருக்கு விசயம் தெரிந்தால் ஆபத்து என்று பயந்த ஆட்சியாளர், அடுத்த ஆண்டே அதைத் தடை செய்தார்கள். என்றாலும் அந்த வழக்கம் அழியவில்லை. 'மான்டெ கிறிஸ்டோ' என்று ஒரு பேர்போன சுருட்டு இருக்கிறது. தொழிலாளர்கள் விரும்பிக் கேட்ட ஒரு பிரெஞ்சு நாவலின் பெயர்தான் அதற்கு வைக்கப்பட்டது.

நாம் இதை மலையில் செய்ய முடியாது. ஆளுக்கொரு நிரையில் நிற்கும்போது யார் வாசிப்பது, யார் கேட்பது? ஆனால் ஞாயிறு பின்னேரம் இருக்கிறது, போயா நாள் இருக்கிறது, லயத்து இஸ்தோப்பு இருக்கிறது. ஏழாம் எட்டாம் வகுப்புப் படிக்கிற ஒரு பிள்ளை வாசிக்கட்டும். அரை மணி நேரம் போதும். முதல் நாளே பெரிய நாவலைத் தூக்க வேண்டாம், ஒரே மூச்சில் முடிகிற சிறுகதை நல்லது. பிள்ளை தடுமாறினால் சிரிக்கக் கூடாது; சிரித்தால் அடுத்த வாரம் அது வராது. கதை முடிந்ததும் "என்ன விளங்கிச்சு?" என்று பள்ளிக்கூடம் மாதிரி கேள்வி கேட்பதும் வேண்டாம். தேத்தண்ணியை ஊற்றிக் கொடுங்கள், பேச்சு தானாக வரும்.

எந்தப் புத்தகம் என்று கேட்பீர்கள். நம்மைப் பற்றியே எழுதப்பட்டவை இருக்கின்றன. கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை', தமிழ்நாட்டிலிருந்து தோட்டத்துக்கு வந்த சனங்களின் கதை. தெளிவத்தை ஜோசப்பின் 'காலங்கள் சாவதில்லை' 1974 இல் வந்த நாவல். எங்களைக் கேட்டால் முதலில் சி. வி. வேலுப்பிள்ளையின் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' கிடைக்குமா என்று தேடச் சொல்லுவோம். மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்து, 1947 இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் போன அவர், தோட்டங்களில் பாடப்பட்ட பாட்டுகளைச் சேகரித்து 1983 இல் புத்தகமாக்கினார். எழுத்துத் தெரியாத தாய்மாரின் வாயிலிருந்து வந்த பாட்டுகள் அவை. அந்தப் புத்தகத்தைப் பேத்தி வாசித்தால், "எங்க தோட்டத்துல அது இப்பிடி இல்ல, வேற மாதிரி" என்று அப்பாயி திருத்துவார். புத்தகத்தில் இல்லாத இரண்டு அடியையும் சேர்த்துப் பாடுவார். அந்த நேரம் ஒரு கொப்பியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அப்பாயியோடு போய்விட்டால் அதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

இனி, இரவல் கொடுப்பது. "குடுத்தா திரும்பி வராது" என்ற பயம் நியாயமானதுதான். கொப்பியில் பெயர், புத்தகம், திகதி மூன்றையும் குறித்தால் பாதிச் சண்டை குறையும். பக்கம் கிழிந்தால் கோது மாவைக் காய்ச்சிப் பசையாக்கி மெல்லிய தாளால் ஒட்டலாம். மழை மாதங்களில் ஈரமும் அடுப்புப் புகையும் புத்தகத்துக்கு எமன். மூடியுள்ள பெரிய பிஸ்கட் டின் ஒன்று இருந்தால் ஒரு லயத்துக்கு அதுவே நூல்நிலையம்.

நூல்நிலையம் என்றதும் இன்னொரு விசயம். பிரதேச சபைகள் தோட்டத்துக்குள் பணம் செலவழித்து வேலை செய்வதற்கு 1987 ஆம் ஆண்டுச் சட்டம் தடையாக இருந்தது. 2018 இல் அது திருத்தப்பட்டது. ஆகவே, "தோட்டத்துக்கு எங்களால் செய்ய முடியாது" என்று யாராவது பழைய பதிலைச் சொன்னால் நம்பித் திரும்பி வர வேண்டாம். தோட்டத்தில் வாசிக்கும் பிள்ளைகளின் பெயர்களை எழுதி, மாதம் ஒரு முறை ஒரு பெட்டிப் புத்தகம் இரவல் தர முடியுமா என்று நாலைந்து பேராகப் போய்க் கேளுங்கள். ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம். அந்த நேரம் கேட்பது இன்னும் வசதி.